ஸ்டோரிவீவர் கதைத் தளம்: தூரத்துப் பிள்ளைகள் நிறைய, பக்கத்து வீட்டுப் பிள்ளை குறைவு

'இன்ன ஆட்கள் என்றால் இப்படித்தான்' என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் குடியேறுவதற்கு முன்னால், பல விதமான வீடுகளில் வாழும் பல விதமான பிள்ளைகளைப் புத்தகத்தில் காட்டிவிட வேண்டும். பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியைகளும் இதை இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். சிக்கல் புத்தகத்தில்தான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கடைக்குள் நுழைந்து, நாலு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் அப்படிப்பட்ட இருபது படப் புத்தகங்கள் வாங்கப் பாருங்கள். நரியும் காகமும் வரும், அரசனும் மந்திரியும் வருவார்கள், பேராசைக்காரனுக்குக் கிடைத்த தண்டனை வரும். இன்றைய நகரத்தில் பாடசாலைக்குப் போகும், பல் விழுந்து அழும், தம்பியோடு சண்டை பிடிக்கும் ஒரு பிள்ளையைத் தேடி எடுப்பது கஷ்டம். அந்தப் பிள்ளை வேறு மதத்தையோ வேறு இனத்தையோ சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்றால் தட்டு இன்னும் காலியாகிவிடும்.

இந்த இடைவெளிக்கு முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஸ்டோரிவீவர் என்ற இலவச இணையத் தளம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தூர தேசத்துப் பிள்ளைகளைக் காசு செலவில்லாமல் தமிழில் சந்திக்க இது மிக நல்ல இடம். ஆனால் அதே மாடிக் குடியிருப்பில் வாழும் சிங்களப் பிள்ளையை, மருதானையிலிருந்து ஒரே வேனில் வரும் முஸ்லிம் பிள்ளையை, ஹட்டனிலிருந்து இடம் மாறி வந்த மலையகப் பிள்ளையைச் சந்திக்க இது போதாது. கொழும்பில் ஒரு பிள்ளை முதலில் முத்திரை குத்தப் பழகுவது இந்த மூவர் மீதுதான் என்பதால், இந்தக் குறை சின்னக் குறை அல்ல. தளத்தைப் பயன்படுத்தும் விதத்தையும் குறையை நிரப்பும் விதத்தையும் சேர்த்தே பார்ப்போம்.

பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் 2004இல் தொடங்கப்பட்ட, இலாப நோக்கமற்ற சிறுவர் பதிப்பகம். அது 2015 செப்டெம்பரில் 24 மொழிகளில் சுமார் 800 கதைகளோடு ஸ்டோரிவீவரைத் திறந்தது. இப்போது மொழிகளின் எண்ணிக்கை 300ஐத் தாண்டிவிட்டது. பிரதமின் சொந்த நூல்களோடு வேறு பதிப்பகங்களின் நூல்களும் அங்கே இருக்கின்றன. நூல்கள் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிசி பிவை 4.0 என்ற வகையைச் சேர்ந்தவை. அதன்படி வாசிக்கலாம், தரவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், வசனத்தை எளிமையாக்கலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான்: எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், மூலம், உரிமம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எதையாவது மாற்றியிருந்தால் மாற்றியிருப்பதையும் சொல்ல வேண்டும். முன்பள்ளிகள் இதை அடிக்கடி கவனிப்பதில்லை. அச்சிடும்போது கடைசிப் பக்கம் வீண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த விவரங்கள் எல்லாம் இருப்பது அந்தப் பக்கத்தில்தான்.

கதைகள் நாலு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600க்குள், மூன்றாம் நிலை 1500 வரை, நாலாம் நிலை அதற்கு மேல். இந்தப் பிரிவு பிள்ளை தானாக வாசிப்பதைக் கருதிச் செய்யப்பட்டது. காதால் கேட்கும் திறன் அதைவிட முன்னால் போயிருக்கும். ஆகவே மடியில் வைத்து ஒரு பிள்ளைக்கு வாசிப்பதாக இருந்தால் நாலு வயதிலேயே இரண்டாம் நிலைக்குப் போகலாம். இருபது பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து வாசிப்பதாக இருந்தால் முதல் நிலையோடு நில்லுங்கள். படம் பின் வரிசைக்குத் தெரியும் நேரமும், இடையில் வரும் கேள்விகளும் சேர்ந்தால் 250 சொல் கதையே பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும்.

தேடும்போது பலரும் பெட்டிக்குள் 'ஒற்றுமை', 'நல்லிணக்கம்' என்று தட்டிப் பார்க்கிறார்கள். அப்படித் தேடினால் போதனைக் கதைகள்தான் வரும். மொழியைத் தமிழ் என்றும் நிலையை ஒன்று அல்லது இரண்டு என்றும் வைத்துவிட்டு, பதிப்பகத்தின் பெயரைக் கொண்டு வடிகட்டுங்கள். தென்னாபிரிக்காவின் புக் டாஷ் நூல்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் என்று தன்னார்வலர்கள் ஒரே நாளில் கூடி ஒரு புத்தகத்தை முடிக்கும் முறை அவர்களுடையது. வசனம் குறைவு, படம் நிறைவு. மூன்று நாலு வயதுக்கு இது அளவாகப் பொருந்தும். அதே நாட்டிலிருந்து தொடங்கிய ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் நூல்களும் பாருங்கள். ஆப்பிரிக்கா என்றால் காடு, சிங்கம், ஈட்டி என்று மட்டும் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு, பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகும் ஆப்பிரிக்க அம்மாவும், முடி வாரும்போது நெளியும் ஆப்பிரிக்கச் சிறுமியும் ஒரு சாதாரண விஷயமாகத் தெரிய வேண்டும். 'ஆப்பிரிக்கா ஒரு பெரிய கண்டம், அங்கே நகரங்களும் உண்டு' என்று வாயால் சொல்லிக் கொடுப்பதைவிட அந்த ஒரு படம் கூடுதலாக வேலை செய்யும்.

விலங்குக் கதைகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். வாசியுங்கள், மொழிக்கும் சிரிப்புக்கும் நல்லது. ஆனால் மனிதர்களைப் பற்றிய பாடத்தை அவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள். டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மனிதப் பாத்திரங்களோடும், இன்னொரு பகுதியினருக்கு உடுப்புப் போட்ட விலங்குகளோடும் வாசித்தார்கள். மனிதப் பாத்திரங்களைப் பார்த்த பிள்ளைகள் பிறகு மற்றப் பிள்ளைகளுக்குக் கூடுதலான ஸ்டிக்கர்கள் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. முயலும் ஆமையும் நட்பானால் பிள்ளைக்கு முயலும் ஆமையும்தான் நட்பு. அதைப் பக்கத்து வீட்டு நசீராவுக்கும் நிரோஷனுக்கும் கொண்டுபோகும் வேலையை நாலு வயது மூளை தானாகச் செய்வதில்லை.

தளத்தில் உள்ள எல்லாமே நல்ல புத்தகம் அல்ல. யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து மொழிபெயர்க்கலாம் என்பதால் தமிழின் தரம் ஏறி இறங்கும். இறக்குவதற்கு முன் இரண்டு பக்கங்களை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்கினால் விட்டுவிடுங்கள், அல்லது வசனத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். உரிமம் அதற்கு இடம் தருகிறது.

அதைவிட நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய ஒன்று தமிழுக்கே உரியது. ஆங்கில மூலத்தில் மரியாதைக்கென்று தனிப் பிரதிப்பெயர் இல்லை. தமிழுக்கு வரும்போது மொழிபெயர்ப்பவர் ஒவ்வொருவருக்கும் மரியாதையை அளந்து போட வேண்டியிருக்கிறது. வைத்தியர் 'வந்தார்', ஆசிரியை 'சொன்னார்', ஆனால் மீன் விற்பவன் 'வந்தான்', குப்பை அள்ளுபவள் 'சொன்னாள்' என்று போய்விடும். மூலக் கதை அந்தத் தொழிலாளியை நாயகராக வைத்து எழுதப்பட்டிருந்தாலும் வினைமுற்று அவரைக் கீழே இறக்கிவிடும். பிள்ளை இதை விளக்கமாகப் புரிந்துகொள்ளாது. யாரை 'அவர்' என்பது, யாரை 'அவன்' என்பது என்று மட்டும் பழகிக்கொள்ளும். கதையில் வரும் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மரியாதை விகுதி இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் பென்சிலால் திருத்திவிட்டு வாசியுங்கள். கடையில் வாங்கும் நூல்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். சொல்லப்போனால் அங்கேதான் கூடுதலாகப் பிடிபடும்.

படங்களுக்கு வேறு சில சோதனைகள். முதலாவதாக, கதையின் சிக்கலை யார் தீர்க்கிறார்? சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை கடைசிப் பக்கத்தில் மற்றவர்கள் இரக்கப்படுவதற்காகவே வைக்கப்பட்டிருந்தால் அந்த நூல் வேண்டாம். அடுத்து நிறம். பொல்லாதவரும் முட்டாளும் மட்டும் கறுப்பாகவும், குட்டி நாயகி மட்டும் வெளுப்பாகவும் வரையப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 'கறுப்பென்றாலும் களையான முகம்' போன்ற வசனங்களைத் தயங்காமல் வெட்டுங்கள். அந்த 'என்றாலும்' பிள்ளையின் காதில் தங்கிவிடும். ஸ்டோரிவீவரின் இந்தியப் படங்கள் இந்த விஷயத்தில் நம் சந்தையில் கிடைக்கும் பலவற்றைவிட நன்றாகவே இருக்கின்றன. பல தோல் நிறங்கள், பல உடல் வாகுகள், கண்ணாடி போட்ட சிறுமிகள், சமைக்கும் அப்பாக்கள். பழைய நாட்டார் கதைகளில் வரும் கஞ்சச் செட்டியார், ஏமாளி வண்ணார், கொடிய மாற்றாந்தாய், சூனியக்காரக் கிழவி ஆகியோரைக் கடந்து வந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இனி குறைக்கு வருவோம். தமிழில் தேடினால் வரும் முஸ்லிம் பிள்ளை அநேகமாக இந்திய நகரம் ஒன்றில் வாழும் பிள்ளை. அந்தக் கதைகள் நல்லவை. ஆனால் கொழும்பு முஸ்லிம் வீட்டில் பேசப்படும் மொழியும் தமிழ்தான். அங்கே உம்மா, வாப்பா, நானா என்று தமிழ் பேசும் பிள்ளை, தமிழ்ப் படப் புத்தகத்தில் தன்னைக் காண முடியாமல் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையோ அந்தச் சொற்களைக் கேட்டால் 'வேற பாஷை' என்று நினைக்கிறது. தமிழ் மொழிமூல வகுப்பும் சிங்கள மொழிமூல வகுப்பும் பிரிந்து கிடப்பதால் சிங்களப் பிள்ளையைப் பள்ளி நேரத்தில் சந்திப்பதும் அரிது. அதனால் புத்தகத்தின் பங்கு இன்னும் கூடுகிறது.

உள்ளூரில் இதற்கென்று தயாராகும் நூல்களும் சுவரொட்டிகளும் வேறொரு பள்ளத்தில் விழுகின்றன. ஒரு பிள்ளை பட்டு வேட்டியோடு, ஒரு பிள்ளை தொப்பியோடு, ஒரு பிள்ளை வெள்ளைச் சாரத்தோடு, ஒரு பிள்ளை சிலுவை மாலையோடு கைகோர்த்து நிற்கும் அந்தப் படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின்னால் கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம். நோக்கம் நல்லது, விளைவு நேர்மாறு. நாலு வயதுப் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது, ஆட்கள் நாலு வகை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு உடுப்பு, உடுப்பைப் பார்த்து வகையைச் சொல்லலாம் என்பதைத்தான். இதே அச்சில்தான் மலையகப் பெண்ணுக்குக் கூடையும் கொழுந்தும் மட்டும், ஆதிவாசிக்குக் கோடரியும் வில்லும் மட்டும், முஸ்லிமுக்குப் பெருநாளும் வட்டிலப்பமும் மட்டும், சிங்களவருக்கு வெசாக் கூடும் கண்டிய நடனமும் மட்டும் என்று படங்கள் வருகின்றன. பண்டிகைப் புத்தகம் கூடாது என்பதல்ல. ஒரு சமூகத்தைப் பற்றி வீட்டில் இருக்கும் ஒரே புத்தகம் பண்டிகைப் புத்தகமாக இருக்கக் கூடாது.

ஒரு சமூகத்துக்கு ஒரு புத்தகம் என்று அடுக்கவே அடுக்காதீர்கள். ஒன்று மட்டும் இருந்தால் அதில் வரும் பிள்ளை அந்த ஆட்கள் எல்லோருக்கும் பிரதிநிதி ஆகிவிடும். குறைந்தது மூன்று வேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்க வேண்டும். ஒரு முஸ்லிம் சிறுமி கிரிக்கெட் ஆடட்டும், இன்னொருத்தி இருட்டுக்குப் பயப்படட்டும், மூன்றாவது கதையில் ஒரு பையன் உம்மம்மாவோடு மரக்கறி வாங்கப் போகட்டும். இருபது புத்தகம் வைக்கக்கூடிய முன்பள்ளித் தட்டு என்றால் எட்டு அல்லது ஒன்பது, இந்த நாட்டின் எல்லாச் சமூகங்களையும் சேர்ந்த பிள்ளைகளின் அன்றாடக் கதைகளுக்கு. ஐந்து வெளிநாட்டுக்கு. மாற்றுத்திறனாளிப் பிள்ளை, பாட்டியோடு மட்டும் வாழும் பிள்ளை, அப்பா வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை என்று வீடும் உடலும் வித்தியாசப்படும் கதைகளுக்கு மூன்று நாலு. மிச்சம் பண்டிகைக்கும் நாட்டார் கதைக்கும். அந்தக் கடைசிப் பகுதிதான் தானாகவே பெருகும், கண்காணிக்க வேண்டும்.

முஸ்லிம் பிள்ளையின் இடத்தை ஸ்டோரிவீவருக்குள்ளேயே ஓரளவு நிரப்பலாம். நல்ல படமுள்ள இந்தியக் கதை ஒன்றை எடுத்து, தளத்தில் இருக்கும் கருவியைக் கொண்டே வசனத்தை மாற்றி எழுதி, உறவுச் சொற்களைக் கொழும்பு முஸ்லிம் வீட்டு வழக்குக்குக் கொண்டுவரலாம். எழுதியதை அந்த வழக்கில் பேசும் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பதிப்பியுங்கள். வெளியிலிருந்து ஊகித்து எழுதினால் கேலிபோல விழும். ஆனால் தூர தேசத்துக் கதைகளில் இப்படி ஊர் மாற்றக் கூடாது. ஆப்பிரிக்கச் சிறுமியின் பெயரைத் தாரணி என்று மாற்றினால் வாயில் நுழையும், உண்மைதான். அதோடு அந்தப் புத்தகத்தை எடுத்த காரணமும் போய்விடும். பெயரை நாலு தடவை சொல்லிப் பழகிவிட்டு வாசியுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் வரும். சமையல் சாமான், உடுப்பு, வாகனம் போன்ற சொற்களை மட்டும் நம் வழக்குக்கு மாற்றினால் போதும்.

வாசிக்கும் முறைதான் பாதி வேலை. 2012இல் மார்ஜரி ரோட்ஸ், சாரா ஜேன் லெஸ்லி, கிறிஸ்டினா டுவொரெக் ஆகிய ஆய்வாளர்கள் 'சார்பி' என்ற கற்பனைக் கூட்டத்தைப் பற்றி ஒரு படப் புத்தகம் தயாரித்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சார்பி. ஆண், பெண், இளையவர், முதியவர், பல நிறத்தவர் என்று எல்லோரும் வித்தியாசமானவர்கள். நாலு வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு 'பார், இந்தச் சார்பிக்கு வண்டு என்றால் பயம்' என்று வாசித்தார்கள். சிலருக்கு 'சார்பிகளுக்கு வண்டு என்றால் பயம்' என்று வாசித்தார்கள். இரண்டாவது வகையில் கேட்ட பிள்ளைகளிடம், சார்பி என்பது பிறப்பிலேயே வேறுபட்ட ஓர் இனம், அந்தக் குணங்கள் பிறவிக் குணங்கள் என்ற எண்ணம் கூடியிருந்தது. படங்களில் இருந்த பல்வகைமை அவர்களைக் காப்பாற்றவில்லை. வசனம் வென்றுவிட்டது. பெரியவர்களிடம் செய்து பார்த்தபோதும் இதே போக்குத்தான்.

ஆகவே நல்ல புத்தகத்தையும் ஒரு வாக்கியத்தால் கெடுத்துவிடலாம். 'முஸ்லிம் ஆட்கள் தலைய மூடுவாங்க', 'சிங்கள ஆட்கள் கிரிபத் சாப்பிடுவாங்க' என்று விளக்குவது அன்போடுதான் நடக்கிறது. அதற்குப் பதிலாகப் பெயரைச் சொல்லுங்கள்: 'ஆயிஷாட உம்மா வெளிய போகேக்க தலைய மூடுறா.' 'சமன் வீட்டுல இண்டைக்குக் கிரிபத்.' பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால் மழுப்பாதீர்கள், 'உஸ்' என்று அடக்கவும் வேண்டாம். அடக்கினால், இது வெளியில் பேசக்கூடாத வெட்கமான விஷயம் என்ற பாடம்தான் ஏறும். 'அவங்கட மார்க்கத்துல அப்படி ஒரு வழக்கம் இருக்கு, சில பேர் மூடுவாங்க, சில பேர் மூடமாட்டாங்க, ஆயிஷாட உம்மாவுக்கு மூடத்தான் விருப்பம்' என்றால் கேள்வி முடிந்துவிடும். 'ஏன் இந்தப் பிள்ளை இவ்வளவு கறுப்பு?' என்றால், தோலுக்கு நிறம் தருகிற ஒன்று எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறது, சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு என்று சொல்லி, பிள்ளையின் கையையும் உங்கள் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை.

முதல் தடவை வாசிக்கும்போது கேள்வி கேட்காமல் கதையை ஓடவிடுங்கள். இரண்டாம் தடவை பாத்திரத்தின் மனதைப் பற்றிக் கேளுங்கள்: 'இப்ப இவனுக்கு எப்படி இருக்கும்?', 'நீ எண்டா என்ன செய்வாய்?' மூன்றாம் தடவை பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். 'இவங்க எந்த ஆக்கள், சொல்லு பாப்பம்?' என்ற கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள். இது முன்பள்ளிகளில் பொது அறிவுபோலக் கேட்கப்படுகிறது. பிள்ளையை உடுப்பையும் பெயரையும் பார்த்து ஆள் பிரிக்கப் பழக்கும் பயிற்சி அது.

திரையில் வாசிப்பதைவிட அச்சிட்டுத் தைத்த புத்தகம் நாலு வயதுக்கு நல்லது. போன் திரை சின்னது, பக்கம் புரட்டும் விரல் வேறு எங்கோ போய்விடும். தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, அச்சுக்கான கூடிய துல்லியமுள்ள பீடிஎஃப் கோப்பை இறக்குங்கள். திரைக்கான சிறிய கோப்பை அச்சிட்டால் முகங்கள் மங்கும். பெரும்பாலான நூல்கள் அகலவாக்கில் இருப்பதால், அச்சுக் கடையில் 'புக்லெட்' முறையில் மடித்து நடுவில் பின் அடிக்கச் சொல்ல வேண்டாம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் வருவது நெட்டுவாக்குப் பக்கம். அதில் அகலப் படத்தை அடைத்தால் மேலும் கீழும் வெற்றிடம் விட்டுப் படம் பாதியாகச் சுருங்கும். நெட்டுவாக்கில் பிடித்த ஒரு ஏ4 தாளில் மேலொன்று கீழொன்றாக இரண்டு பக்கங்களை, ஒரு புறம் மட்டும், அச்சிடுங்கள். நடுவில் வெட்டி, இடது ஓரத்தில் ஸ்பைரல் போட்டால் அளவான புத்தகம் கிடைக்கும். வகுப்புக்கு என்றால் ஒரு தாளுக்கு ஒரு பக்கம். உள் தாளின் கனம் 120 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 120 கிராம்) குறைந்தால் பிள்ளைகள் கையில் ஒரு மாதம் தாங்காது. அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் போட்டு, முன் பின் அட்டைகளுக்கு மட்டும் லெமினேட் செய்தால் போதும். எல்லாத் தாளையும் லெமினேட் செய்தால் புத்தகம் தடித்துப் பக்கம் புரளாது, விளக்கு வெளிச்சத்தில் படம் பளபளத்துப் பின் வரிசைக்குத் தெரியாது.

செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுப்பது இந்த நோக்கத்துக்கு ஒத்துவராது. ஐந்து தோல் நிறங்கள் கவனமாக வரையப்பட்ட படம் சாம்பல் நிறத்தில் இரண்டாகச் சுருங்கும். கருமையான முகங்களில் கண்ணும் வாயும் அழிந்து ஒரு கறையாகிவிடும். மற்ற முகங்கள் எல்லாம் தெளிவாக இருந்து அந்த ஒரு பிள்ளை மட்டும் முகமில்லாமல் போவது எவ்வளவு தவறான பாடம்! கலர் அச்சிலும் இது நடக்கும், குறிப்பாகச் சாதாரணத் தாளில் இன்க்ஜெட் அச்சில். புத்தகத்தில் மிகக் கருமையான முகம் வரும் பக்கத்தை முதலில் மாதிரிக்கு அச்சிட்டுப் பாருங்கள். முகம் தெரியாவிட்டால் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டச் சொல்லிவிட்டு மிச்சத்தை அடிக்கக் கொடுங்கள். காசு போதாது என்றால் ஐந்து கறுப்பு வெள்ளைப் புத்தகங்களுக்குப் பதிலாக இரண்டு கலர்ப் புத்தகங்கள் செய்யுங்கள்.

சிங்களப் பிள்ளைக்கு ஸ்டோரிவீவரை விட்டு வெளியே வர வேண்டும். ஏசியா ஃபவுண்டேஷனின் லெட்ஸ் ரீட் என்ற இலவச நூலகத்தில் சிங்களம், தமிழ் இரண்டிலும் நூல்கள் உண்டு. ஒரே கதை இரு மொழியிலும் கிடைக்கும் இடங்களில், மாடிக் குடியிருப்பின் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்து, ஒரு பக்கத்தை நீங்கள் தமிழிலும் அடுத்த வீட்டு அம்மா சிங்களத்திலும் வாசிக்கலாம். அங்கே உரிமம் நூலுக்கு நூல் வேறுபடலாம், அச்சிடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ரூம் டு ரீட் அமைப்பும் இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை வெளியிட்டு வருகிறது. இந்த நாட்டின் வீடு, முற்றம், மரம் படத்தில் வர வேண்டும் என்றால் அவற்றைத் தேடுங்கள்.

சிங்களச் சிறுவர் படப் புத்தகத்துக்கு வளமான மரபு உண்டு. சிபில் வெத்தசிங்ஹ (1927–2020) வரைந்த கிராமத்து வீடுகளும் குறும்புப் பிள்ளைகளும் மொழி தெரியாவிட்டாலும் சிரிக்க வைக்கும். மருதானையில் உள்ள சிங்களப் புத்தகக் கடைகளிலும், வழக்கமாகச் செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியிலும் இத்தகைய நூல்களை ஒரே இடத்தில் புரட்டிப் பார்த்து வாங்கலாம். வாங்கிய சிங்கள நூலுக்குத் தமிழ் வசனத்தைத் தாள் துண்டுகளில் எழுதி, ஒட்டி எடுக்கக்கூடிய பசையால் சிங்கள வரிகளுக்குக் கீழே ஒட்டுங்கள். சிங்கள எழுத்தை மறைக்காதீர்கள். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்தும் சமமாக இருப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். இது வீட்டுக்கும் வகுப்பறைக்கும் மட்டும். பதிப்புரிமை உள்ள நூலின் மொழிபெயர்ப்பைப் பிரதி எடுத்துப் பகிரவோ ஸ்டோரிவீவரில் ஏற்றவோ முடியாது.

வாங்கும் முன் பார்த்துத் தெரிவு செய்ய விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்பு பொது நூலகத்தின் சிறுவர் பகுதி உதவும். தமிழ்நாட்டு நூல்களுக்குச் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலையில் கேளுங்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியாகவும் வெளியிடும் படப் புத்தகங்கள் இந்த நோக்கத்துக்கு மிகவும் ஏற்றவை. தட்டில் இல்லையென்றால் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லி எடுத்துத் தரச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர் வரவழைப்பார்.

மூன்று வயதுக்குக் கீழே இந்தத் தளத்தால் அதிகப் பயன் இல்லை. அந்த வயதுக்குத் தடித்த அட்டையில் செய்த, வசனமே இல்லாத முகப் படப் புத்தகம் வேண்டும். தளத்தின் படங்களில் எட்டுப் பத்து முகங்களைத் தெரிந்தெடுத்து, அச்சிட்டு, கெட்டி அட்டையில் ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டி வளையத்தில் கோர்த்துக் கொடுக்கலாம். ஓவியரின் பெயரையும் உரிமத்தையும் கடைசி அட்டையின் பின்புறத்தில் எழுதிவிடுங்கள்.